அடுப்படிக் கதவுக்கு எந்தப் பலகை? – பட்டறை பதில்கள்

மதுரை திருநகரில் நான் தச்சுப் பட்டறை போட்டு 31 வருடம் ஆகிறது. இந்த மாதம் வந்த கடிதக் கட்டில் பாதிக்கு மேல் சமையலறைக் கதவுகள்தான். நாற்காலி, கட்டில் பற்றிக் கேட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அடுத்த இதழில் பார்த்துக்கொள்ளலாம்.

வீடு முடியும் நிலையில் இருக்கிறது. சமையல் மேடைக்குக் கீழே கடப்பா கல் நிறுத்தி அறை பிரித்துவிட்டோம். கதவு மட்டும் பாக்கி. இன்டீரியர் செய்பவர் எம்.டி.எஃப். பலகையில் அக்ரிலிக் ஒட்டலாம், கண்ணாடி மாதிரி மின்னும் என்கிறார். என் கணவர் பிளைவுட்டும் சன்மைக்காவும் போதும் என்கிறார். பக்கத்து வீட்டு அக்காவோ பி.வி.சி. போட்டால் தண்ணீரும் அண்டாது, கரையானும் அண்டாது என்கிறார். எதைப் போடுவது ஐயா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

அம்மா, பலகை இருக்கட்டும். வெள்ளிக்கிழமை அடுப்படியைத் துடைப்பீர்களா, கழுவிவிடுவீர்களா?

ஏன் கேட்கிறேன் என்றால், 2011-ல் என் அக்கா வீட்டுக்கு நானே கதவு செய்து கொடுத்தேன். அப்போது மெம்பரேன் கதவுக்கு ஏக மவுசு. எம்.டி.எஃப். பலகையில் பூவேலை குடைந்து, மேலே பி.வி.சி. தாளைச் சூடாக்கி இழுத்து ஒட்டிய கதவு. வெளியில் ஓர் இடத்தில் ஒட்டி வாங்கி வந்து மாட்டினேன். பால்கோவா நிறத்தில் பார்க்கப் பிரமாதமாக இருந்தது. அக்கா வாராவாரம் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றி, விளக்குமாற்றால் தள்ளிக் கழுவுகிறவள் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்த ஐப்பசி தாண்டவில்லை. சிங்க்குக்குக் கீழே இருந்த இரண்டு கதவுகளின் அடி ஓரமும் டீயில் நனைத்த பன் மாதிரி உப்பிவிட்டது. அளந்து பார்த்தேன். 18 மில்லிமீட்டர் பலகை அடியில் 25 மில்லிமீட்டர் இருந்தது. முகம் மட்டும் அப்படியே பளபளவென்று இருந்தது. அடுப்புக்குப் பக்கத்துக் கதவில் வேறு கூத்து. சூட்டில் தாள் மூலையில் உரிந்து சுருண்டிருந்தது. அக்கா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. உரிந்த மூலையில் பேரனுடைய செலோடேப்பை ஒட்டி வைத்திருந்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது எனக்கு.

அதிலிருந்து எந்தக் கதவைப் பார்த்தாலும் முதலில் ஓரத்தைத்தான் பார்ப்பேன். கடைக்காரர் உங்களிடம் காட்டுவது முகம். தண்ணீர் போவது ஓரத்தில். எம்.டி.எஃப். என்பது மரத்தை நாராக அரைத்துப் பசை சேர்த்து அழுத்திய பலகை. முகம் வழவழவென்று இருக்கும், பெயிண்ட் அடிக்கவும் அக்ரிலிக் ஒட்டவும் அதைப் போல வாகான பலகை கிடையாது. ஓரம் மட்டும் மைஉறிஞ்சும் தாள். ஒரு தடவை உப்பிவிட்டால் காய்ந்தாலும் பழைய கனத்துக்கு வராது. இப்போது எச்.டி.எச்.எம்.ஆர். என்று ஒன்று வருகிறது. அதே சாதிதான், ஆனால் இன்னும் நெருக்கி அழுத்தியது. ஈரத்தை எம்.டி.எஃப்.பைவிட நன்றாகத் தாங்குகிறது. அக்ரிலிக் மேல் ஆசை இருந்தால் அந்தப் பலகையில் ஒட்டி, மேடைக்கு மேலே சுவரில் வரும் அலமாரிகளுக்குப் போடுங்கள். அடுப்புக்கு நேர் மேலே மட்டும் வேண்டாம்.

பக்கத்து வீட்டு அக்கா சொன்னதும் பொய்யில்லை. பி.வி.சி. பலகையைத் தண்ணீர் ஒன்றும் செய்யாது, கரையான் திரும்பிப் பார்க்காது. அது பயப்படுவது சூட்டுக்கு. 80 டிகிரியை நெருங்கினால் பி.வி.சி. இளகிவிடும். ஓரமாக வைத்த இட்லிக் குண்டானின் ஆவி தினமும் ஒரே இடத்தில் அடித்தால் கதவு மெல்ல வளையும். அப்புறம் திருகாணி. மரத்தில் கடிப்பது போல அதில் கடிக்காது. கனமான கதவாக இருந்தால் இரண்டு வருடத்தில் கீல் ஆடத் தொடங்கிவிடும்.

உங்கள் கணவர் சொன்னதுதான் என் கட்சியும். ஆனால் பாதிதான் சொல்லியிருக்கிறார். எந்த பிளைவுட்? கடையில் எம்.ஆர்., பி.டபிள்யூ.ஆர்., பி.டபிள்யூ.பி. என்று மூன்று சொல்வார்கள். எம்.ஆர். காற்றின் ஈரத்தைத் தாங்கும், தண்ணீரைத் தாங்காது. அது படுக்கையறை பீரோவுக்கு. அடுப்படிக்கு, தண்ணீர் பட்டாலும் ஓரளவு தாங்குகிற பி.டபிள்யூ.ஆரில் தொடங்க வேண்டும். சிங்க் இருக்கிற கீழ்வரிசைக்கு நான் பி.டபிள்யூ.பி.தான் போடுவேன், அதாவது ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரை உள்ள மரைன் பிளைவுட். விலையைக் கேட்டதும் மலைக்காதீர்கள். உங்களுக்குப் பெட்டி முழுக்கக் கல்லாகவே இருக்கிறது, வேண்டியது கதவுக்கு மட்டும். பத்தடி மேடைக்கு ஒன்றேகால் அடி அகலத்தில் எட்டுக் கதவு. உயரம் இரண்டேகால் அடி. எட்டுக்கு நாலு ஷீட் ஒன்றில், வெட்டுச் சேதாரம் போக, ஒன்பது கதவு வரும். ஆக நீங்கள் கூடுதலாகக் கொடுப்பது ஒரே ஒரு ஷீட்டின் விலை வித்தியாசம்தான். இந்தக் கணக்கைப் போடாமலே எத்தனையோ பேர் மட்டப் பலகைக்கு இறங்கிவிடுகிறார்கள்.

சன்மைக்கா முன்பக்கம் 1 மில்லிமீட்டர். பின்பக்கத்தை வெறுமனே விடக் கூடாது, பெயிண்ட் அடித்தும் சமாளிக்கக் கூடாது. அங்கும் சன்மைக்கா ஒட்ட வேண்டும், மெல்லியதாக இருந்தாலும் சரி. ஒரு பக்கம் மட்டும் ஒட்டிய கதவு ஒரு கோடை, ஒரு மழை பார்த்ததும் வில் மாதிரி வளையும். (சன்மைக்காவில் மைக்கா என்ற கனிமம் கிடையாது என்பது தெரியுமோ? பிசினில் தோய்த்த காகித அடுக்குகளைச் சூட்டில் அழுத்தியதுதான் அது. மின்கருவிகளில் மைக்காவுக்குப் பதிலாக ஒரு பொருள் வேண்டுமென்று தேடியபோது கிடைத்தது. அதை விற்க 1913-ல் அமெரிக்காவில் தொடங்கிய கம்பெனி ஃபார்மைக்கா என்று பெயர் வைத்தது. மைக்கா ஒட்டிக்கொண்டது பெயரில் மட்டும்தான்.)

கதவுகளை மாட்ட வந்த அன்று ஒன்றைக் கழற்றச் சொல்லித் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். நான்கு ஓரத்திலும் பட்டை ஒட்டியிருக்கிறதா? அடி ஓரம் யார் கண்ணுக்கும் தெரியாது என்று அதை மட்டும் அம்போவென்று விட்டுவிடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைத் தண்ணீர் முதலில் தொடுவதே அதைத்தான். பட்டையை மெஷினில் சூடான பசையோடு ஒட்டியிருக்க வேண்டும். கையால் ஃபெவிகால் தடவி ஒட்டியது நகத்தால் நெம்பினாலே வரும். நெம்பித்தான் பாருங்களேன், உங்கள் காசுதானே.

இன்னும் இரண்டு விஷயம். சிங்க்குக்குக் கீழே வரும் கதவை மட்டும் அலுமினியச் சட்டத்தில் போட்டுவிடுங்கள். அங்கே குழாய் என்றாவது ஒழுகியே தீரும். சிலிண்டர் வைக்கிற அறைக்குக் கதவு போட்டால் அடியில் காற்றோட்டத்துக்குத் துளையோ கம்பிச் சட்டமோ கட்டாயம் வேண்டும். சமையல் காஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் தரையோடு தரையாகத்தான் தேங்கும். மேலே துளை போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

வாஸ்துப்படி சமையலறைக் கதவு என்ன நிறத்தில் இருக்க வேண்டும்?
– ஒரு வாசகர், விருதுநகர்

வாஸ்து எனக்குத் தெரியாது. தாளிக்கிற எண்ணெய்ப் பிசுக்கு தெரியாத நிறம் எது என்று கேட்டால், இளம் பழுப்பில் மர ரேகை போட்டது. வெள்ளையில் எல்லாம் தெரியும். கறுப்பில் கைரேகை தெரியும்.

அண்ணா, கடையில் எல்லா பிளைவுட்டிலும் 710 என்று முத்திரை குத்தியிருக்கிறது. ஒன்று இன்னொன்றைவிடப் பாதி விலை. எதை நம்புவது? சிவப்பாக இருந்தால் நல்ல பலகை என்கிறார்களே?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

தம்பி, சிவப்பு என்பது பல நேரம் சாயம். உள்ளே பாப்லர் போன்ற வெளுத்த மரத்தை வைத்து மேலே சிவப்பாக்கி விடுவார்கள். ஓரத்தைப் பாருங்கள். தாள்களுக்கு நடுவே பசைக் கோடு தெரியும். ஃபீனால் பசை என்றால் கோடு கரும்பழுப்பாக இருக்கும். யூரியா பசைக்கு அநேகமாக நிறமே இருக்காது. 710 என்று சொல்லிவிட்டு வெளிர் கோடு தெரிந்தால் கேள்வி கேளுங்கள்.

முத்திரைக்குப் பக்கத்தில் சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண் இருக்க வேண்டும். அதை, இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் யாருக்கு, எந்தப் பொருளுக்குக் கொடுத்த உரிமம் என்று காட்டிவிடும். கடையில் நின்றபடியே பார்க்கலாம். நீங்கள் போனை எடுத்ததும் கடைக்காரர் முகம் மாறுகிறதா என்பதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு அதைவிட நம்பிக்கை என் பழைய அலுமினியக் குண்டான் மேல்தான். ஐ.எஸ். 710 சோதனையில் பலகைத் துண்டு கொதிக்கிற தண்ணீரில் 72 மணி நேரம் கிடந்தும் ஒட்டு விடக் கூடாது. அவ்வளவு விறகுக்கு நான் எங்கே போக? புதுக் கடையில் சரக்கு எடுக்கும்போது இரண்டங்குலத் துண்டு ஒன்றை வெட்டி வாங்கி வந்து, பட்டறைக்கு வெளியே அடுப்பு மூட்டிக் காலையில் போட்டுவிடுவேன். மத்தியானச் சாப்பாடு வரை கொதிக்கும். மட்டமான எம்.ஆர். துண்டு ஒரு மணி நேரத்திலேயே ஓரத்தில் வாய் பிளக்கும். அப்புறம் சீட்டுக்கட்டு மாதிரித் தனித்தனித் தாளாக மிதக்கும். நல்ல துண்டு கறுத்துப்போய், தண்ணீரைச் சாய நீராக்கிவிட்டு, ஆனால் ஒரே கட்டையாக அடியில் கிடக்கும். எடுத்து உளி முனையால் நெம்பினால் பசை விடாமல் மரமே பிய்ந்து வர வேண்டும். தேறியது என்று அர்த்தம். வீட்டுச் சமையல் பாத்திரத்தில் இதைச் செய்யாதீர்கள், அந்த நாற்றம் லேசில் போகாது.

பெரும்பாவூர் சரக்கு நல்லதா, யமுனாநகர் சரக்கு நல்லதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டு ஊரிலிருந்தும் நல்லதும் வருகிறது, குப்பையும் வருகிறது. ஊரைக் கேட்காதீர்கள், துண்டைக் கேளுங்கள்.

கடற்கரையிலிருந்து ஒரு கிலோமீட்டரில் வீடு. மாட்டி மூன்றே வருடம், அடுப்படிக் கதவுகள் எல்லாம் தொங்குகின்றன. கீல் துருப்பிடித்துத் திருகாணி கழன்று வருகிறது. கதவைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு பலகையில் மாற்றச் சொல்கிறார் கார்பெண்டர்.
– ஒரு வாசகி, தூத்துக்குடி

கதவு எந்தப் பலகை என்று எழுதவில்லை. கழன்ற திருகாணித் துளைக்குள் ஒரு குச்சியை விட்டுக் கிளறிப் பாருங்கள் அம்மா. ரவை மாதிரித் துகள் கொட்டினால் அது பார்ட்டிகிள் போர்டு. அப்படியானால் கார்பெண்டர் சொல்வது சரி, அதில் மறுபடி திருகாணி பிடிக்காது. தாள் தாளாகத் தெரிந்தால் பிளைவுட். கதவு பிழைத்தது.

பிளைவுட் என்றால், துளைக்குள் தேக்கு முளையைச் சீவி, ஃபெவிகால் தடவி அடித்து இறக்க வேண்டும். ஒரு நாள் காயவிட்டு, நீட்டிக்கொண்டிருப்பதை வெட்டிவிட்டு, அதில் புதிதாகத் துளை போட்டால் திருகாணி பழையபடி கடிக்கும். தீக்குச்சியைச் சொருகுகிற வேலை ஒரு மாதம்கூடத் தாங்காது.

கீலைத்தான் மாற்ற வேண்டும். சாதாரண ஆட்டோ கீல் என்பது இரும்பின் மேல் நிக்கல் பூச்சு. உப்புக்காற்று அதை வைத்திருக்காது. 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கீல் கேட்டு வாங்குங்கள், திருகாணியும் அதே ரகம். கீலை மாற்றிவிட்டுத் திருகாணியில் காசு மிச்சம் பிடித்தால் துரு அங்கிருந்து தொடங்கும். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், காந்தம் ஒட்டுகிறதா என்று மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. கீலுக்குள் இருக்கும் ஸ்பிரிங்கில் ஒட்டலாம். பில்லில் 304 என்று எழுதி வாங்குங்கள். மூன்றடிக்கு மேல் உயரமான கதவுக்கு இரண்டு கீல் போதாது, மூன்று.

புது மாடுலர் கிச்சன் போட்டு இருபது நாள். கதவைத் திறந்தால் கண் எரிகிறது. போகுமா?
– ஒரு வாசகி, திருச்சி

இரண்டு வகை வாடை இருக்கிறது. சன்மைக்கா ஒட்டுகிற ரப்பர் பசையின் வாடை தின்னர் மாதிரி இருக்கும். ஒன்றிரண்டு வாரத்தில் போய்விடும். கண்ணையும் மூக்கையும் கரிப்பது பலகையில் இருக்கும் ஃபார்மால்டிஹைடு. யூரியா பசை போட்ட எம்.டி.எஃப்., பார்ட்டிகிள் போர்டில் அது அதிகம், மெல்ல மெல்லத்தான் வெளியேறும். வெளியே வருவது பெரும்பாலும் மூடாத இடங்கள் வழியாகத்தான். அலமாரியின் முதுகுப்பக்கம், குழாய்க்காக வெட்டிய ஓட்டை, கீல் பதிக்கக் குடைந்த குழி, இவற்றைத் தேடிப் பிடித்து ஒட்டுப்பட்டையோ வார்னிஷோ போட்டு மூடச் சொல்லுங்கள். பகலில் கதவுகளை எல்லாம் திறந்து போட்டு ஜன்னலையும் திறந்து வையுங்கள். வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் டாக்டரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அடுத்த முறை பலகை வாங்கும்போது, ஃபார்மால்டிஹைடு குறைவாக வரும் இ-1 அல்லது இ-0 ரகம் என்று கேட்டு வாங்க வேண்டும்.

அக்ரிலிக் கதவில் மஞ்சள் கறை. வேலைக்கு வரும் பெண் கம்பி நாரால் தேய்த்துவிட்டாள். இப்போது வட்ட வட்டமாகக் கீறல். என்ன செய்ய?
– ஒரு வாசகி, சென்னை

அவளைத் திட்டாதீர்கள், அவளிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். மேலோட்டமான கீறல் என்றால் கார் பாலிஷ் போடுகிறவரைக் கூப்பிட்டு மெல்லிய பஃபிங் போடலாம், ஓரளவு மறையும். நகத்தில் தட்டுப்படுகிற கீறல் போகாது. மஞ்சள் கறையைச் சோப்புத் தண்ணீரில் துடைத்துவிட்டு விட்டுவிடுங்கள், வெளிச்சம் படப்பட மஞ்சள் தானாக மங்கும். ஸ்பிரிட், தின்னர் எதையும் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். அக்ரிலிக்கில் முடி முடியாக வெடிப்பு விழும்.

தாத்தா கட்டிய வீட்டைப் பிரித்ததில் பர்மா தேக்குப் பலகைகள் நிறைய இருக்கின்றன. ஒன்றரை அங்குலக் கனம். இவற்றை அறுத்துச் சமையலறைக் கதவு செய்யலாமா? கடைக்காரர், தேக்கைத் தன்னிடம் கொடுத்துவிட்டு பிளைவுட் போட்டுக்கொள்ளச் சொல்கிறார்.
– ஒரு வாசகர், காரைக்குடி

கடைக்காரர் கெட்டிக்காரர். 2014 ஏப்ரலிலிருந்து மியான்மர் தேக்கு உருட்டுக்கட்டை ஏற்றுமதியையே நிறுத்திவிட்டது. உங்கள் தாத்தா வாங்கியது மாதிரி நெருக்கமான ரேகையுள்ள மரத்துக்கு இன்று இடித்த வீடுதான் காடு. கொடுத்துவிடாதீர்கள்.

ஆனால் பலகையை அப்படியே அகலமாக அறுத்துக் கதவாக மாட்டினால் வருத்தப்படுவீர்கள். எத்தனை வருடத்து மரமாக இருந்தாலும் மழையில் விரியும், கோடையில் ஒடுங்கும். சட்டமும் ஏடுமாகச் செய்யச் சொல்லுங்கள். சுற்றிலும் இரண்டரை அங்குலச் சட்டம், நடுவில் ஏடு என்கிற மெல்லிய பலகை. உங்கள் பலகையை நடுவில் பிளந்து இழைத்தால் அதற்கு முக்கால் அங்குலம் சொச்சம் கனம் தேறக் கஷ்டம், அதனால் சட்டத்துக்கு எடுக்கும் பலகையை மட்டும் பிளக்காமல் ஒரு அங்குலத்துக்கு இழைத்துக்கொள்ளட்டும். பிளந்தது ஏட்டுக்கு ஆகும், 10 மில்லிமீட்டருக்கு வரும். ஏட்டைச் சட்டத்தில் குடைந்த பள்ளத்துக்குள், அதாவது காடிக்குள் இறக்கும்போது பசை போடக் கூடாது. பக்கத்துக்கு இரண்டு மில்லிமீட்டர் இடம் விட்டுச் சும்மா நிற்க வைக்க வேண்டும். உங்கள் தாத்தா வீட்டுக் கதவுகளே அப்படித்தான் செய்திருப்பார்கள், பிரித்ததில் ஒன்றிரண்டு கிடந்தால் எடுத்துப் பாருங்கள், காடிக்குள் ஏடு லேசாக ஆடும்.

சட்டத்தின் மூட்டில் பசை போடுவதற்கு முன்னால் அந்த இடத்தைத் தின்னர் நனைத்த துணியால் துடைக்கச் சொல்லுங்கள். தேக்கில் எண்ணெய்ப் பசை அதிகம், அதன் மேல் ஃபெவிகால் சரியாகப் பிடிக்காது. ஸ்பிரிட் பாலிஷ் ஹாலுக்கு அழகு, அடுப்படியில் தண்ணீரும் சூடும் பட்டு வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிடும். இங்கே பி.யு. கிளியர் என்கிற நிறமில்லாத பாலியூரித்தேன் பாலிஷ் அடியுங்கள், ஏட்டைச் சட்டத்தில் மாட்டுவதற்கு முன்பே நான்கு ஓரமும் சேர்த்து. மாட்டிய பிறகு அடித்தால், கோடையில் ஏடு ஒடுங்கும்போது பாலிஷ் படாத வெளிறிய கோடு ஒன்று எட்டிப் பார்க்கும்.

இழைப்பு மெஷினுக்குக் கொண்டுபோகும் முன் ஒரு பையனை உட்காரவைத்து ஆணி தேடச் சொல்லுங்கள். பழைய பலகையில் தலை உடைந்த ஆணி உள்ளேயே கிடக்கும். காந்தத்தைக் கயிற்றில் கட்டிப் பலகை மேல் மெல்ல இழுத்தால் ஆணி இருக்கிற இடத்தில் இழுக்கும். பிளேடு உடைந்தால் மெஷின்காரர் உங்களிடம்தான் காசு கேட்பார். ஆணி பிடுங்கிய இடத்தில் கறுப்புப் புள்ளி நிற்கும். நான் அவற்றைப் புட்டி வைத்து மறைப்பதில்லை. உங்களுக்குப் பிடிக்காவிட்டால் அந்தப் பக்கத்தை உள்ளே திருப்பிக்கொள்ளுங்கள்.